கார் மேல் ஒரு சிலந்தி வலை: பாலிஷ் மிஷின் வாங்கப் போகும் அன்பர்களுக்கு

சென்ற சித்திரைப் புத்தாண்டு விழாவில் இலைச் சாப்பாடு முடிந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டு நாங்கள் நாலைந்து பேர் வாசல் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தோம். உச்சி வேளை. டில்லியின் ஏப்ரல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது இளைய உறுப்பினர் ஒருவர், வாங்கி எட்டு மாதம்கூட நிறையாத தம் கறுப்பு வண்டியின் அருகே என்னை அழைத்துப் போய், "சார், இதைக் கொஞ்சம் பாருங்க. பானெட் பூரா சிலந்தி வலை கட்டின மாதிரி இருக்கு. நிழல்ல ஒண்ணும் தெரியலை. வெயில்ல கொண்டுவந்து நிறுத்தினா மானம் போகுது" என்றார். கூடவே, "பாலிஷ் மிஷின் ஒண்ணு 3,000 ரூபாய்க்குக் கிடைக்குதாம். ஞாயித்துக்கிழமை நானே தேய்ச்சிடலாம்னு இருக்கேன்" என்றும் சொன்னார்.

"தயவுசெய்து அந்தக் காரியத்தை மட்டும் செய்யாதீங்க" என்று நான் சொன்ன வேகத்தில் மனிதர் கொஞ்சம் பயந்தே போனார். அவரை என் வண்டிக்கு அழைத்துச் சென்று, பானெட்டின் இடது ஓரத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு இருக்கும் ஒரு தழும்பைக் காட்டினேன். அது எப்படி வந்தது என்ற கதையையும் சொன்னேன். கேட்டு முடித்தவர், "இதை நம்ம பத்திரிகையில எழுதக் கூடாதா சார்?" என்றார். எழுதுகிறேன். பாலிஷ் மிஷின்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம் அல்லவா?

முதலில் வண்டியைப் பற்றி. உண்மையில் அது என்னுடையதல்ல. என் மகன் 2014-ல் குர்காவ்னில் வேலையில் சேர்ந்து, சம்பளத்தை மிச்சம் பிடித்து முன்பணம் கட்டி வாங்கியது. கருநீலம். அதுவரை முப்பது வருஷம் டி.டி.சி. பஸ்ஸும் ஸ்கூட்டருமாக ஓட்டிய எங்கள் குடும்பத்துக்கு முதல் கார். 2019-ல் அவன் ஜெர்மனிக்குப் போனபோது சாவியைச் சுவாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, "வண்டியைப் பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் பார்த்துக்கொண்டேன். வேண்டியதற்கு மேலேயே பார்த்துக்கொண்டதுதான் வந்த வினை.

அந்தச் சிலந்தி வலை என்பது என்ன? வீட்டில் உள்ள பழைய எவர்சில்வர் தாம்பாளத்தை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். வாங்கியபோது கண்ணாடி போல் இருந்த தட்டில், வருஷக்கணக்காகத் தேய்த்த தேய்ப்பில், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள் மின்னும். தட்டை நகர்த்தினாலும் வட்டம் விளக்கை விட்டுப் போகாது. உண்மையில் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் கண்ணுக்கு மின்னுவதால் அவை வளையமாகத் தோன்றுகின்றன. கார் பெயிண்டிலும் இதே கதைதான். கறுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு வண்டிகளில் அதிகம் தெரியும். வெள்ளை வண்டியிலும் கீறல் உண்டு. அது காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவே.

இந்தக் கீறல்கள் இருக்கும் இடத்தைப் புரிந்துகொண்டால்தான் மிஷின் விஷயம் புரியும். இப்போதைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று நாலு அடுக்கு. நாலும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். ஆக, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் அழகு முழுவதும் ஒரு தாள், ஒன்றரைத் தாள் கனத்துக்குள் அடக்கம். அதிலும் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான்தான். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த அடுக்குதான்.

கீறலை எடுப்பது என்று நாம் சொல்கிறோமே தவிர, கீறலை யாரும் எடுக்க முடியாது. அது ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறோம். மென்மையான பாலிஷில் ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் குறைவாகப் போகும். கடுமையான காம்பவுண்ட் போட்டால் பல மைக்ரான் போகும். போனது போனதுதான். என்னைப் போன்ற அரசாங்க ஊழியர்களுக்குச் சொல்வதானால், இது பணம் போடவே முடியாத, எடுக்க மட்டுமே முடிகிற ஜி.பி.எஃப். கணக்கு. எவ்வளவு குறைவாக எடுத்துக் காரியத்தை முடிக்கிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். மிஷின் தேர்வு என்பதே அதற்காகத்தான்.

இனி என் கதை. 2022 டிசம்பரில் மகன் வருகிறான் என்று தகவல் வந்தது. வண்டியைப் புதிது போல் ஆக்கி அவனை விமான நிலையத்தில் வரவேற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தீபாவளிக்கு முந்தின வாரம் பழைய டில்லிப் பக்கம் ஒரு கருவிக் கடையில் 3,200 ரூபாய்க்குப் பாலிஷ் மிஷின் ஒன்று வாங்கினேன். 1,200 வாட், நிமிஷத்துக்கு 3,000 சுற்று, கூடவே ஒரு கம்பளிப் பேட், ஒரு டப்பா காம்பவுண்ட். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். "பவர் ஜாஸ்தியாக இருப்பதைக் கொடு" என்று கேட்டவன் நான்தான்.

பானெட்டின் நடுவில் ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போல் ஆகிவிட்டது. உற்சாகம் தாங்கவில்லை. ஓரத்துக்கு வந்தேன். அங்கே தகடு மடியும் இடத்தில் ஒரு கோடு இருந்தது. அதையும் எடுத்துவிடலாம் என்று மிஷினைக் கொஞ்சம் சாய்த்து அழுத்தினேன். வெள்ளைப் பேட்டில் நீலம் ஏறியது. அழுக்கு நன்றாக வருகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு விநாடி அழுத்தினேன்.

அது அழுக்கல்ல, வண்டியின் நிறம். நான் ஏமாந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆபீசில் ஒரு கறுப்பு அம்பாசடர் இருந்தது. அதன் டிரைவர் மாதம் ஒரு முறை பாலிஷ் போட்டுத் துடைப்பார். துணியெல்லாம் கறுப்பாகிவிடும். அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. தேய்த்தால் நிறம் துணியில் வரத்தான் செய்யும், அதில் தவறில்லை. கிளியர் கோட் போட்ட வண்டியில் பேட்டில் நிறம் வந்தால், மேல் அடுக்கு முழுவதும் போய்விட்டது என்று பொருள். எனக்கு அது தெரியாது. மிஷினை நிறுத்திவிட்டுத் துடைத்துப் பார்த்தபோது இரண்டு அங்குலத்துக்குப் பளபளப்பு போய், வெளிறி, நடுவில் பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தது. வீட்டுக்காரி பால்கனியிலிருந்து, "காப்பி ஆறுது, வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள். எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்குகிற நிலைமை இல்லை.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் ஃபரிதாபாத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைக்காரர். அவருக்குப் போன் போட்டேன். மாலையே வந்தார். கையடக்கமான பெயிண்ட் அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். பானெட்டின் நடுவில் 112 மைக்ரான், ஓரத்தில் 90, என் கைவண்ணம் பட்ட இடத்தில் 50 சொச்சம். "என்ன சார், இரும்பு தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்கீங்க" என்றார். திட்டவில்லை. ஆனால் வலது பின் கதவில் வைத்தபோது கருவி 270 காட்டியது. மீண்டும் வைத்தார், மீண்டும் 270. "இந்தக் கதவு ஒரு தடவை அடிபட்டு, மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மகன் சொன்னதில்லை. அந்தப் பேச்சை அப்போது அத்தோடு விட்டுவிட்டோம்.

மிஷின்களின் வித்தியாசத்தை அன்று மாலை அவர் விளக்கியதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் வாங்கியது ரோட்டரி எனப்படும் வகை. நல்ல பம்பரம் ஒரே இடத்தில் நின்று சுற்றும்போது, பம்பரம் தூங்குகிறது என்று சிறு வயதில் சொல்வோமே, அது மாதிரி. அச்சு அசையாது, பேட் அந்த அச்சைச் சுற்றி மட்டுமே சுழலும். எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் விடாமல் சுற்றும். வேலை வேகமாக நடக்கும், அதே வேகத்தில் சூடும் ஏறும். ஒரே இடத்தில் நாலு விநாடி நின்றால் பெயிண்ட் கொதிக்கும். தகட்டு ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு. நம் அழுத்தம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் விழும். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் மோசம். தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது. பழகிய கை ரோட்டரியில் அற்புதம் செய்யும், அதை மறுக்கவில்லை. பாஷ், மகிட்டா போன்ற கம்பெனிகளின் ரோட்டரிகளை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அருமையாக வேலை செய்யும் கைகள் இந்த ஊரில் உண்டு. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் நம் கைக்கு அது ஆகாது. போதாக்குறைக்கு, பழகாத கை ரோட்டரியை ஓட்டினால் பழைய கீறல் போய், அலை அலையாக ஹோலோகிராம் போன்ற புதுக் கோடுகள் விழும். வெயிலில் வண்டி நகரும்போது அந்த அலையும் கூடவே ஓடும்.

இரண்டாவது வகை டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. இதில் பேட் தானும் சுற்றும், அதன் அச்சும் ஒரு சின்ன வட்டத்தில் சுற்றி வரும். தூங்காமல் தள்ளாடி அலையும் பம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே புள்ளியில் ஒரே திசையில் தேய்ப்பு விழாததால் சூடு குறைவு, ஹோலோகிராமும் அநேகமாக விழாது. இன்னொரு பெரிய சௌகரியம், சாதாரண டி.ஏ.யில் பேட்டின் சுழற்சிக்குப் பல்சக்கரம் கிடையாது. பேரிங்கில் தானாகச் சுற்றுகிறது. நாம் அதிகமாக அழுத்தினாலோ, ஓரத்தில் சாய்த்துப் பிடித்தாலோ சுழற்சி நின்று வெறுமே அதிரும். வேலை நடக்காது. பெயிண்டும் பிழைக்கும். என் பானெட் ஓரத்தில் அன்று டி.ஏ. இருந்திருந்தால், 'என்ன இது, மிஷின் ஓடவில்லையே' என்று எரிச்சலோடு நிமிர்ந்திருப்பேன், அவ்வளவுதான். டி.ஏ.யிலும் விடாப்பிடியாக ஓர் ஓரத்தையே தேய்த்தால் சேதம் வரும். ஆனால் அதற்கு வெகு நேரம் மெனக்கெட வேண்டும்.

மூன்றாவதாக, டி.ஏ. மாதிரியே அலைந்தபடி, சுழற்சியும் பல்சக்கரத்தால் நிற்காமல் நடக்கும் வகை ஒன்று உண்டு. ஆழக் கீறல் உள்ள வண்டிகளுக்கு நல்லது. முதல் மிஷினாக வாங்க வேண்டாம்.

டி.ஏ. என்று முடிவு செய்த பிறகு கடையில் கேட்க வேண்டிய கேள்வி வாட் அல்ல, வீச்சு. பேட்டின் அச்சு சுற்றி வரும் அந்தச் சின்ன வட்டத்தின் குறுக்களவைத்தான் வீச்சு என்கிறேன். த்ரோ என்று கேட்டால் கடையில் புரியும். 8, 15, 21 மில்லிமீட்டர்களில் பரவலாகக் கிடைக்கும். 21 பெரிய, தட்டையான பரப்புகளில் வேகமாக வேலை செய்யும். வளைவு நெளிவு அதிகமுள்ள நம் சிறிய கார்களில் அடிக்கடி சுழற்சி நின்றுபோகும். 8 இடுக்குகளிலும் வளைவுகளிலும் சமர்த்து. ஆனால் மெதுவாக வேலை செய்யும், பொறுமை வேண்டும். ஒரே ஒரு மிஷின்தான் வாங்க முடியும் என்றால், 15 மில்லிமீட்டர் வீச்சு, 125 மில்லிமீட்டர் பிளேட். ஹேட்ச்பேக், செடான் இரண்டுக்கும் இது போதும்.

கடையில் ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. மரவேலைக்கு உப்புக்காகிதம் தேய்க்கும் மிஷின் பார்வைக்கு டி.ஏ. போலவே இருக்கும், விலையும் குறைவு. அதன் வீச்சு பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இராது. பெயிண்டைத் திருத்த அது போதாது. பெரிய பந்து போல் இரண்டு கைப்பிடியுடன் வரும் 10 அங்குல மிஷினும், காரின் சிகரெட் லைட்டரில் சொருகும் 12 வோல்ட் மிஷினும் மெழுகு தடவுவதற்கு மட்டுமே. அவற்றால் கீறலும் போகாது, கெடுதலும் வராது. டிரில் மிஷினில் மாட்டும் பஞ்சுச் சக்கரம் வேண்டவே வேண்டாம். இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டி வேலை செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று! நம் வீட்டு மாவு கிரைண்டரையே கவிழ்த்து வைத்துத் தேய்த்தாலும் தேவலை.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று. அமெரிக்காவிலிருந்து வருபவர்கள், "அங்கே மலிவு" என்று மிஷினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அது 120 வோல்ட். நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் புகைதான் வரும். அதைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, மிஷின் இழுக்கும் வாட்டைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். பிளேட்டின் மரையும் இங்கே கிடைக்கும் பிளேட்டுகளோடு சேராமல் போகலாம். மருமகனிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மற்றபடி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் எகிறாமல் மெல்லத் தொடங்க வேண்டும். கையில் ஐந்து நிமிஷம் பிடித்துப் பார்க்க வேண்டும். என் வயதில் இரண்டரைக் கிலோ மிஷினைக் கதவின் பக்கவாட்டில் பிடித்து நிற்பது லேசான விஷயமில்லை. பிளேட், கார்பன் பிரஷ் இரண்டும் தேயும் சாமான்கள். அதே கடையில் அவை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியின் ரூபெஸ், ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எல்லாம் உயர்ந்த சரக்கு. தொழில் செய்பவர்களுக்கு வேண்டும், நமக்கு அவசியமில்லை. மிஷினுக்கே கையிருப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு வரவும் கூடாது. நல்ல ஃபோம் பேட் நாலைந்து, காம்பவுண்ட், மெல்லிய பாலிஷ், மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன் என்று மிஷின் விலைக்குச் சற்றேறக்குறைய சமமாக இன்னொரு செலவு காத்திருக்கிறது. பேட்டின் நிறத்தைப் பார்த்து மென்மை, கடினம் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொன்றின் ஆரஞ்சு அல்ல.

2022 நவம்பரில் 15 மில்லிமீட்டர் டி.ஏ. ஒன்று வாங்கினேன். மதுரைக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் சொல்ல நான் செய்தது இது. முதலில் நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். பிறகு கிளே எனப்படும் களிமண் போன்ற கட்டியால், வழுக்கும் திரவம் தெளித்து, மேல்பரப்பை நீவ வேண்டும். மெட்ரோ வேலை, கட்டட வேலை என்று இந்த ஊர்க் காற்றில் பறந்து பெயிண்டில் ஒட்டிய துகள்களெல்லாம் அதில் வந்துவிடும். கழுவிய வண்டிதான் என்று நினைத்தேன், கட்டி கறுத்துப் போயிற்று. அடுத்து, தகட்டு ஓரங்கள், பிளாஸ்டிக் பட்டைகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். "சார், டேப்பு 60 ரூவா, பானெட்டு எவ்வளவு?" என்றார் மதுரைக்காரர்.

வண்டி முழுவதையும் ஒரே மூச்சில் ஆரம்பிக்கக் கூடாது. ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மிக மென்மையான பேட்டும் மெல்லிய பாலிஷுமாகத் தொடங்க வேண்டும். அதிலேயே கீறல் போய்விட்டால் கடுமையான காம்பவுண்டைத் தொடவே வேண்டாம். போகவில்லை என்றால்தான் ஒரு படி ஏற வேண்டும். பேட்டில் நாலு சொட்டு. மிஷினைத் தகட்டில் வைத்த பிறகே ஸ்விட்ச், இல்லாவிட்டால் சட்டையெல்லாம் காம்பவுண்ட். விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில், ஒரு வரி அடுத்த வரியின் மேல் பாதி ஏறும்படி, நெடுக்கும் குறுக்குமாக நாலு முதல் ஆறு தடவை. பிளேட்டின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், பேட் சுற்றுகிறதா, வெறுமே அதிர்கிறதா என்று அந்தக் கோடு காட்டிவிடும். எளிய உபாயம், எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தகட்டைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும், இரண்டு கழுவலில் கீறல் திரும்ப வந்து நிற்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய பளபளப்பு பதினைந்தே நாளில் மறைந்த மர்மம் எனக்கு அன்றுதான் துலங்கியது.

எனக்கு இரண்டு முழு நாள் பிடித்தது. பத்தில் எட்டுக் கீறல் போயிற்று. மற்ற இரண்டை விடச் சொன்னார். நகத்தால் வருடினால் தட்டுப்படும் கீறல் பாலிஷுக்கு அடங்காது, அதைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட்தான் காலியாகும். மேலே செராமிக் கோட்டிங் போடுவதைப் பற்றிக் கேட்டேன். போடலாம், ஆனால் கீறலோடு போட்டால் கீறலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்த மாதிரி ஆகும் என்றார். மெழுகோடு நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவும் செய்த பிறகு வந்த திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, எங்கள் சொசைட்டியில் வண்டி துடைக்கும் பையன் வாளியோடு வந்தான். பீகார்ப் பையன், நாலு வருஷமாக வருகிறான். முப்பது வண்டிக்கு ஒரே வாளி. ராத்திரி படிந்த தூசியின் மேல் துணியை வைத்து 'சரக் சரக்' என்று இழுத்தான். எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. டில்லித் தூசியில் மணல் உண்டு. மணல் என்பது குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறும். ஈரத் துணியோ உலர்ந்த துணியோ, தூசி மேல் வைத்து இழுத்தால் அது உப்புக்காகிதம்தான். நான் இரண்டு நாள் உழைத்ததைப் பையன் இரண்டு வாரத்தில் பழையபடி ஆக்கிவிடுவான்.

ஓடிப் போய் அவனைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன். இந்த அழுக்குத் துணியால்தான் வண்டி பாழாயிற்று, நாளையிலிருந்து வராதே என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசாமல் துணியைப் பிழிந்து என் முன்னால் விரித்தான். "பாபுஜி, கப்டா தோ ஆப்னே ஹீ தியா தா" என்றான். பார்த்தேன். என் பழைய மயில்கண் வேட்டி. கரையில் ஜரிகை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் பழைய வேட்டியைக் கிழித்து, "வண்டி துடைக்க வச்சுக்கோ" என்று அவன் கையில் கொடுத்தது சாட்சாத் அடியேன்தான்.

மறுநாள் அவனுக்கு ஆறு மைக்ரோஃபைபர் துணிகள் கொடுத்தேன். புது ஏற்பாடு இதுதான். தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைக்க வேண்டும், வண்டியின் உடம்பில் கை வைக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். முதலில் மொண்டு ஊற்றித் தூசியை ஓடவிட்டுப் பிறகுதான் துணி. மேலிருந்து கீழாக, சக்கரப் பக்கம் கடைசியில். குழாயை இழுத்துக் கழுவச் சொல்லவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, 2024 மே மாதத்தில், டில்லி அரசாங்கம் ஹோஸ் வைத்துக் கார் கழுவுவதற்கு 2,000 ரூபாய் அபராதம் அறிவித்தது நினைவிருக்கும். அதே வருஷம் மார்ச்சில் பெங்களூரில் குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 என்றார்கள். இரண்டு வாளி போதும், தாராளமாகப் போதும். மாதம் 500 கொடுத்துக்கொண்டிருந்ததை 700 ஆக்கினேன். வேலை குறைந்து சம்பளம் கூடியது அவனுக்கு முதலில் நம்பிக்கையாக இல்லை. பக்கத்து வண்டிக்காரர்கள், உங்கள் வண்டியை மட்டும் அவன் துடைப்பதே இல்லையே என்று இன்றும் என்னிடம் புகார் சொல்கிறார்கள்.

டிசம்பரில் மகன் வந்தான். விமான நிலையத்தில் வண்டியைப் பார்த்ததும், "அப்பா, புதுசு மாதிரி இருக்கே!" என்றான். வீட்டுக்கு வந்து சேரும் வரை நானும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வெயிலில் அவன் வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டின் இடது ஓரத்தில் நின்று, விரலால் தடவிப் பார்த்தான். சின்ன பிரஷ்ஷால் டச்-அப் பெயிண்ட் தொட்டு வைத்திருந்தேன். கிட்டப் போனால் தெரியத்தான் தெரியும். "இது என்னப்பா?" என்றான். சொன்னேன். முழுவதும் சொன்னேன். பட்டறையில் கொடுத்துப் பானெட் முழுவதற்கும் பெயிண்ட் அடித்துவிடட்டுமா என்றும் கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. கம்பெனி பெயிண்ட் இருக்கட்டும்" என்றான்.

"அதுவும் சரிதான். வலது பின் கதவுல மட்டும் கம்பெனி பெயிண்ட் இல்லை போலிருக்கே. 270 மைக்ரான் காட்டுது."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "2017-ல மானேசர்கிட்ட ஒரு டிராக்டர்ப்பா. அம்மா பயப்படுவாங்கன்னு சொல்லலை" என்றான். அம்மாவிடம் இரண்டு விஷயத்தையும் நாங்கள் இதுவரை சொல்லவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வரும்போது என்ன ஆகும் என்று தெரியவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். தூசித் துணியை நிறுத்திவிட்டால் வண்டிக்குப் பாலிஷ் என்பது ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வேண்டியிருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் என் மிஷின் கட்டிலுக்கு அடியில் சும்மா கிடக்கிறது. வீட்டுக்கு வீடு ஒன்று வாங்குவதற்குப் பதில், சங்கத்து அன்பர்கள் யாருக்கு வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம். பேட்டும் காம்பவுண்டும் உங்களுடையதாக இருக்கட்டும், ஒருவர் பேட்டில் ஒட்டிய மணல் இன்னொருவர் வண்டியைக் கீற வேண்டாம். மாஸ்கிங் டேப் ஒரு சுருள் கையோடு கொண்டு வாருங்கள். இல்லாமல் வந்தால் மிஷின் கொடுக்க மாட்டேன். அந்தக் கறுப்பு வண்டி அன்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். மதுரைக்காரரும் நாற்காலியோடு வருகிறார்.